கேள்விப்பட்ட அப்பா

அரைகுறையாகச் சட்டம் படித்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றக் கூடாது. இதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் வங்காளத்துப் பெஹாலாவில் எங்கள் குடும்பம் மானத்தோடு இருந்திருக்கும்.

அப்போது நான் நீதிபதி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சாட்சியச் சட்டம் தலைக்கேறியிருந்த காலம். "மழை பெய்யுது, துணியை எடுடி" என்று அம்மா சொன்னால், "நீ நேர்ல பார்த்தியா, யாராவது சொன்னாங்களா?" என்று கேட்பேன். (துணி நனைந்தது. சட்டம் நனையவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டு மாஷிமாவை மினி பஸ் இடித்தது. மாஷிமா என்றால் வங்காள மொழியில் சித்தி; எங்களுக்கு அவர் சொந்தச் சித்தியைவிட ஒருபடி மேல். தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்த நான் ஒருத்திதான் அதைக் கண்ணால் பார்த்தேன். இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் கோலூன்றி எழுவதற்குள், "அந்தம்மா தானா வழுக்கி விழுந்துச்சு" என்று டிரைவர் சாதித்துவிட்டான். எலும்பைவிட மாஷிமாவுக்கு அதுதான் வலித்தது. "நான் என்ன, நடக்கத் தெரியாதவளா? நீ பார்த்ததைச் சொல்லு, அது போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சாட்சி சொல்லும் நாளில் அப்பா பாங்க்கில் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு அம்மாவுடன் கோர்ட்டில் வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் மாஷிமா. (பேச்செல்லாம் வங்காள மொழியில் நடந்தது, தமிழில் தருகிறேன். மானம் எந்த மொழியில் போனாலும் போனதுதான்.)

அரசு வக்கீல் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். "அப்பா பேரு?"

சாதாரணப் பெண் அப்பா பெயரைச் சொல்லியிருப்பாள். நான், "ராமநாதன் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றேன்.

நீதிபதி அம்மாள் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "கேள்விப்பட்டியா?"

"ஆமா மேடம். எனக்கு நேரடியாத் தெரிய வாய்ப்பில்லை."

அம்மா இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

"கல்யாண பந்தத்துல பிறந்த குழந்தைக்குப் புருஷன்தான் அப்பான்னு சட்டமே முடிவு பண்ணியாச்சு. நீ சிரமப்படாதே" என்றார் நீதிபதி.

வக்கீல் அவசரமாக அடுத்ததற்குத் தாவினார். "மினி பஸ் இந்தம்மாவை இடிச்சதைப் பார்த்தீங்கதானே?"

"இது பதிலை வாயில் ஊட்டும் கேள்வி. தன் தரப்புச் சாட்சியிடம் இப்படிக் கேட்கக் கூடாது" என்றேன். அதுவரை கண்ணயர்ந்திருந்த டிரைவரின் வக்கீல் துள்ளி எழுந்து, "சாட்சியின் ஆட்சேபணையை நான் வழிமொழிகிறேன்!" என்றார்.

"சரி, என்னதான் பார்த்தீங்க?"

"பஸ் வந்ததைப் பார்த்தேன். மாஷிமா விழுந்ததைப் பார்த்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பதைக் கோர்ட்தான் முடிவு செய்ய வேண்டும்."

அரசு வக்கீல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பிறழ் சாட்சியாக அறிவிக்க அனுமதி கேட்டார். கூப்பிட்டவரையே கவிழ்க்கும் சாட்சிக்கு அந்தப் பெயர். வழக்கமாக இதற்கு எதிராளி காசு செலவழிக்க வேண்டும். நான் இலவசமாகவே செய்து கொடுத்தேன்.

மாஷிமாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அவர் கோலை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்த பிரிவுகளெல்லாம் ஒரே நேரத்தில் மறந்துபோயின.

நீதிபதி பேனாவை மூடினார். "ஜட்ஜ் பரீட்சைக்குப் படிக்கிறியா?"

"மேடத்துக்கு எப்படித் தெரியும்?"

"அனுமானம்தான். கோர்ட் செய்யலாம். இப்ப நான் கேக்கறேன், எந்தக் கேள்வியும் கேக்க எனக்கு அதிகாரம் உண்டு. பஸ் அவங்க மேல பட்டுச்சா?"

"பட்டுச்சு மேடம். பம்பர் இடுப்புல இடிச்சுது. அப்புறம்தான் விழுந்தாங்க. அவங்க வழுக்கல."

"இதைச் சொல்லத்தானே வந்தே?" என்று எழுதிக்கொண்டார்.

டிரைவருக்குப் பிறகு தண்டனை கிடைத்தது. அன்று வெளியே வந்ததும் மாஷிமா எனக்கு ஒரு சந்தேஷ் இனிப்பைக் கொடுத்துவிட்டு, "இனிமே என்னை பஸ் இடிச்சா, படிக்காதவங்க முன்னாடி விழறேன்" என்றார்.

பின்னாளில் நான் நீதிபதியும் ஆனேன். அதை வீட்டில் யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அப்பா இன்றும் போனில், "கேள்விப்பட்ட அப்பா பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். என் கல்யாணத்தில் சங்கல்பத்துக்காகப் புரோகிதர், "பொண்ணோட தோப்பனார் பேரு?" என்று என்னிடம் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

"அவளைக் கேக்காதீங்க. நேர் சாட்சி நான் இருக்கேன்."