கிளட்சுக்கு நாலை அழுத்தவும்

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்தியது, லாரி நகரவில்லை. ஜோசியா இன்னொரு தரம் மிதித்தார். கத்தல்தான் கூடியது. ஹைதராபாத் மாதாப்பூரில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் கேட் ஓரமாக, பாதி ரோட்டிலும் பாதி வாசலிலுமாக, போவன்பள்ளி மார்க்கெட் தக்காளியோடு வண்டி நின்றுவிட்டது.

மெக்கானிக்கைக் கூப்பிட வழியில்லை. முதலாளி பாலச்சந்திரன் முன்பே சொல்லியிருந்தார்: "புது வண்டி, பெரியவரே. வெளியாள் கை வச்சா கேரண்டி போயிரும். கேரண்டி போனா நீங்களும் வீட்டுக்குப் போகலாம். எதுன்னாலும் வண்டிக் கம்பெனிக்குப் போன் போடுங்க."

அறுபத்திரண்டு வயதில் வேறு எவன் ஸ்டியரிங்கைக் கொடுப்பான்? கதவில் ஒட்டியிருந்த நம்பரை அழுத்தினார். தமிழுக்கு மூன்று, கிளட்சுக்கு நாலு என்று ஒரு மெஷின் அதிகாரம் செய்தது. பிறகு பாட்டு. அதைக் கேட்டே பாதி உயிர் போனபின் ஒரு மனுஷக் குரல் வந்தது.

"வணக்கம் சார், பகவதி பேசுறேன்."

"கிளட்ச் வழுக்குதும்மா. ஆள் அனுப்பு."

"முதல்ல சில கேள்வி சார். பெடல் கொஞ்சம் சும்மா இறங்கிட்டு இறுகுதா, தொட்டவுடனே இறுகுதா?"

"தொட்டவுடனே."

"அப்ப ப்ளே இல்ல சார், பெடல் கொஞ்சம் சும்மா இறங்கணும். வண்டிக்கு அடியில ஒரு நட்டு இருக்கும். அதை லூஸ் பண்ணுங்க."

"எவ்வளவு?"

காகிதம் புரளும் சத்தம். "தேவையான அளவுன்னு போட்டிருக்கு சார்."

முதுகுவலியோடு தார் ரோட்டில் மல்லாந்து படுத்து, தனக்குத் தோன்றிய அளவு திருகினார். ஏறி மிதித்தால் பெடல் செத்த பாம்பாக விழுந்து கிடந்தது. கியரைத் தள்ளினால் கரகரவென்று பல்லைக் கடித்தது.

"இப்ப கியரே விழல. நீ லாரியக் கிட்டத்துல பாத்திருக்கியாம்மா?"

"ரோட்ல போறப்போ பாத்திருக்கேன் சார். போன வாரம் வரைக்கும் பிரிண்டர் ரிப்பேருக்குப் போன் எடுத்துக்கிட்டிருந்தேன்."

ஜோசியா கண்ணை மூடித் திறந்தார். பின்னால் ஹாரன்கள். செக்யூரிட்டி வந்து டோரைத் தட்டினான். "சாச்சா, கைக்கு ரோக்கே? காடி ஹட்டாவ்." ஏன் நிறுத்தினாய், வண்டியை எடு என்று உருதுவில் அதட்டினான்.

"ஹவ் பாய். அதுக்குத்தான் நானும் பாடுபடுறேன்."

"சார், லைன்ல இருக்கீங்களா? அடுத்த டெஸ்ட். இன்ஜினை ஆஃப் பண்ணி, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்சை முழுசா மிதிச்சுக்கிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க."

சாவியைத் திருகினார். லாரி முட்டவரும் கிடா மாதிரி பாய்ந்தது. பிரேக்கில் ஏறி நின்று நிறுத்துவதற்குள், மூக்கு ஒரு தூணிலும் வால் இன்னொரு தூணிலும் உரச, கேட்டை முழுசாக அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. நாலு தக்காளிக் கூடைகள் ரோட்டில் கவிழ்ந்தன.

"ஜம்ப் ஆச்சா சார்?"

"ஆச்சு."

"அப்ப கிளட்ச் விடுபடலன்னு அர்த்தம்."

"எனக்குத் தெரியும்மா. இப்ப ரோட்டுக்கே தெரியும்."

மறுபடி காகிதம் புரண்டது. நேரம் போனது. "இதுக்கு மேல பேப்பர்ல இல்ல சார்."

ஜோசியா ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். திட்டவும் தெம்பில்லை. "அம்மா, பதினோரு மணிக்கு இந்தச் சரக்கு போகலன்னா என் வேலை போச்சு. கிளட்ச் தெரிஞ்ச மனுஷன் ஒருத்தன்கூடவா அந்த ஆபீஸ்ல இல்ல?"

மறுமுனையில் குரல் தாழ்ந்தது.

"இருக்காரு சார். சுதர்சன் சார்னு ஒருத்தர், எத்தனை சுத்து திருகணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்வார். ஆனா இப்ப அவரால உள்ளேயே வர முடியல. யாரோ ஒரு பெரியவர் எங்க கேட்டுக்குக் குறுக்க தக்காளி லாரியப் போட்டுட்டு, போன் பேசிக்கிட்டே இருக்காராம்."