ஒற்றைக்காலில் நின்ற பி.டி. வாத்தியார்

தெரிந்த ஒன்றைச் செய்துகாட்டாமல் சும்மா இருக்க எனக்கு வராது. மேலநீலிதநல்லூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருப்பதால் வந்த வியாதி அது. (கல்யாணப் பந்திக்குக் காத்திருந்தவர்களை உயர வரிசையில் நிறுத்தியவன் நான்.) அதனால் நான் பட்ட அவமானம் போகட்டும். அப்பா பட்டதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ராஜபாளையம் ரூட்டில் ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருஷம் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர். எழுபத்திரண்டு வயதில் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்ததும், சங்கரன்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் வயதானவர்களுக்கு நடத்தும் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். மூன்றாவது வாரம் வாக்கரைப் பிடித்து எட்டு அடி நடந்தார். பிசியோதெரபி பெண் கைதட்டினாள். எனக்குத்தான் போதவில்லை.

அன்று வாக்கரைப் பிடித்தபடி ஒரு காலைத் தூக்கிப் பத்து எண்ணும்வரை நிற்க வேண்டும். அப்பா மூன்றிலேயே காலை இறக்கிவிட்டார்.

"பயமா இருக்குலே."

"இதுக்குப் போய் என்னப்பா பயம்? இங்கன பாருங்க, நான் நிக்குதேன்."

"சார், ஐயா மெதுவாச் செய்யட்டும். நீங்க உக்காருங்க," என்றாள் அந்தப் பெண்.

நான் உட்காரவில்லை. ஏழெட்டுப் பெரியவர்கள் பார்க்க, சாக்ஸோடு ஒற்றைக்காலில் நின்று கண்ணையும் மூடிக்கொண்டேன். (கண்ணை மூடும்படி யாரும் சொல்லவில்லை.) ஆறு எண்ணும்போது சாக்ஸ் டைல்ஸில் வழுக்கியது.

கண்ணைத் திறந்தபோது தரையில் கிடந்தேன். பக்கத்தில் அப்பாவும் கிடந்தார். என்னைப் பிடிப்பதற்காக வாக்கரை விட்டுவிட்டு ஓர் எட்டு வைத்திருக்கிறார்.

"ஏலே, அடிபட்டுட்டா?" என்று அவர்தான் என்னைக் கேட்டார்.

எனக்கு மணிக்கட்டு மட்டும் வீங்கியது. அவருக்கு எலும்பு தப்பியது, தைரியம் போய்விட்டது. பயிற்சிக்கு வரவே மாட்டேன் என்று இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தார்.

"நல்லாத் தேறுற நேரம் சார். இப்ப விட்டா அப்புறம் கஷ்டம்," என்று அந்தப் பெண் போனில் இரண்டு முறை சொன்னாள். நான் கெஞ்சினேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பிறகு நடந்தார். ஆனால் வாக்கரை விடவே இல்லை. நான் உட்கார்ந்திருந்தால் விட்டிருப்பார்.

இதற்காக அவர் என்னை ஒருநாளும் திட்டியதில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்ன அண்ணாச்சி, இன்னும் வாக்கரா?" என்று கேட்டால் மட்டும் என்னைக் கைகாட்டுவார்.

"நல்லாத்தான் வே நடந்தேன். இவன் சொல்லிக்குடுத்தான்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே, காபி எடுத்துவர உள்ளே போய்விடுவேன்.