சாவி என் கையில், சாமி தெருவில்

நம் திறமை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, நம்மைத் தப்பு செய்ய விடாமல் வேறு யாரோ செய்து வைத்த ஏற்பாடு. இந்த ஞானம் எனக்கு எங்கள் ஊர் ஆடித் திருவிழாவில், அம்மன் முன்னிலையில் கிடைத்தது.

அப்போது நான் ஒரகடத்தில், கார்களுக்கு ஒயரிங் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் லைனில் இருந்தேன். அங்கே ஒவ்வொரு ஒயரும் ஒரு கலர், ஒவ்வொரு கனெக்டரும் ஒரு வடிவம். தப்பான இடத்தில் குத்தினால் உள்ளே போகாது, போய்விட்டால் சரி. (தூங்கிக்கொண்டே மாட்டலாம். நைட் ஷிஃப்டில் மாட்டியும் இருக்கிறேன்.) சிறந்த ஊழியர் என்று எவர்சில்வர் டிபன் பாக்ஸ்கூடக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் அண்ணன் முருகேசனிடம் ஒரு பழைய டீசல் ஜீப் உண்டு. அம்மன் ஊர்வலத்துக்கு வழக்கமாகப் பெரிய வீட்டு டிராக்டர்தான் போகும். அந்த வருஷம் அம்மா கோயில்காரர்களிடம் நடையாய் நடந்து, அந்தப் பாக்கியத்தை எங்கள் ஜீப்புக்கு வாங்கியிருந்தாள். ஊர்வலத்தன்று பார்த்து, சாவி போடுகிற சுவிட்ச் உடைந்து அண்ணன் கையோடு வந்துவிட்டது. புது சுவிட்ச் சுங்குவார்சத்திரத்தில் கிடைத்தது; திருவிழா நாளில் மெக்கானிக் கிடைக்கவில்லை. ஜீப் கிளம்பாவிட்டால் டிராக்டர் வந்துவிடும். அப்புறம் எங்களை எந்த ஜென்மத்திலும் கூப்பிட மாட்டார்கள்.

"குடு, நான் மாட்டறேன்" என்றேன்.

"உனுக்கு இன்னாடி தெரியும்?"

"தெனம் கம்பெனில பூவா கட்டிகினு கீறேன்?"

அண்ணனுக்கு வேறு வழியில்லை. பழைய சுவிட்சிலிருந்து மூன்று ஒயர்களையும் ஒரே மூச்சில் கழற்றினேன். மூன்றும் டீசலும் தூசியும் ஏறி ஒரே மண் நிறம். புது சுவிட்சில் மூன்று திருகாணிகள். எந்த ஒயரும் எந்தத் திருகாணியிலும் உட்கார்ந்தது. புத்தியுள்ளவர்கள் இந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். நான், "உள்ளே போய்விட்டதே, அப்போ சரிதான்" என்று திருகாணிகளை முடுக்கிவிட்டேன்.

அதற்குள் ஜீப்பின் பின்னால் அம்மனை ஏற்றி, பூ அலங்காரம் முடித்துவிட்டார்கள். முன்னால் மேளக்காரர்கள் நின்றார்கள். கை பிரேக் பிடிக்காது என்பதால் வண்டி முதல் கியரில் நின்றது. "நான் குளிச்சிட்டு வந்து ஸ்டார்ட் பண்றேன். சாவிய தொடாத" என்று அண்ணன் ஓடினான்.

சும்மா, உள்ளே சிவப்பு லைட் எரிகிறதா என்று மட்டும் பார்க்கலாமே என்று வெளியே நின்றபடி கையை நீட்டிச் சாவியை ஒரு சுற்று திருப்பினேன். லைட்டின் ஒயர் இருக்கவேண்டிய இடத்தில் நான் மாட்டியிருந்தது ஸ்டார்ட்டரின் ஒயர். ஜீப் ஒரு குதி குதித்தது, இருமியது, ஓட ஆரம்பித்தது. அலறிக்கொண்டு சாவியைத் திருப்பி உருவிவிட்டேன். நிற்கவில்லை! (பழைய டீசல் வண்டி சாவிக்கெல்லாம் நிற்காது. அதற்குத் தனியாக ஒரு குமிழை இழுக்கவேண்டும். அதில்தான் நான் இத்தனை நாளும் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டிருந்தேன்.)

பயம் வரவேண்டிய நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பிரமிப்புதான். டிரைவர் சீட் காலி. ஸ்டியரிங் லேசாக நடுங்குகிறது. பூவும் நகையுமாக அம்மன், நாம் நடக்கிற வேகத்தில், நேராகப் போகிறாள். ஊர்வலம் தொடங்கிவிட்டது என்று மேளக்காரர்கள் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"யோவ், வண்டில ஆளே இல்லியே!"

"சாவி அந்தப் பொண்ணு கையில கீது பாரு!"

எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். பிறகு யாரோ, "தாயே, நீயே கெளம்பிட்டியா!" என்று கதற, தெருவே கை கூப்பியது. "ஒயரு! ஒயர மாத்திட்டேன்!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். எனக்குச் சாமி வந்துவிட்டது என்று இரண்டு பெண்கள் இறுக்கிப் பிடித்து, வாய் நிறைய விபூதி போட்டார்கள்.

தெரு இடது பக்கம் திரும்பும். ஜீப் திரும்பவில்லை. நேராக, வாடகை ரூம்கள் இருக்கும் சந்துக்குள் போனது. ஒடிசா, பீகார் பையன்கள் அங்கே தங்கிக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அம்மன் அந்தச் சந்துக்குள் போனதே இல்லை. போகவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதும் இல்லை. சந்தின் முடிவில் சுவர். மோதினால் அம்மன் என்ன ஆவாள்? எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது தலையில் சோப்பு நுரையோடு, ஈரத்துண்டோடு பறந்து வந்த அண்ணன் உள்ளே தாவிக் குமிழை இழுத்தான். சுவருக்கு ஒரு கை தூரத்தில் ஜீப் நின்றது.

ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த பையன்கள் யூனிஃபார்மோடு வாசலில் வரிசையாக நின்றார்கள். ஒருவன் செருப்பை உதறிவிட்டு, குடத்துத் தண்ணீரைச் சக்கரத்தருகே ஊற்றி, தரையில் விழுந்து கும்பிட்டான். "அம்மா நம்ம ரூமுக்கு வந்தாச்சு" என்றான், அரைகுறைத் தமிழில், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். விபூதி விழுந்ததால் மட்டும் அல்ல.

"அவளே வழிய காட்டிட்டா. இனிமே வருஷா வருஷம் இங்கயும் வருவா" என்றார் பூசாரி. இன்றுவரை வருகிறாள், எங்கள் ஜீப்பில்தான். அந்தச் சந்துப் பையன்கள் வாங்கித் தரும் மாலைதான் இப்போது ஊரிலேயே பெரியது.

அன்றே வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா, "மூணு ஒயர்ல கரெக்டா அதப் புடிச்சி மாத்தி மாட்ட வெச்சது யாரு?" என்று கேட்டாள். நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அண்ணன் மட்டும் மசியவில்லை. ஒவ்வோர் ஆடியிலும் ஜீப்பை எடுப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி, கண்ணை மூடி, கை கூப்பி நிற்பான். ஊரெல்லாம் அம்மனைப் பார்த்து நிற்க, அவன் மட்டும் என் பக்கம் திரும்பி நிற்பான்.

"தாயே, தள்ளி நில்லு."