பெரியவருக்கு ஆள் பார்த்த படலம்

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான், உங்கள் அக்கா, புதிதாகப் பொருத்திய என் வலது முழங்கால் ஆகிய மூவரும் நலம். அங்கே நீங்களும் வீட்டாரும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன். நிற்க. இந்த வார்த்தையை எழுதும்போதுதான் நினைவு வருகிறது, அதிக நேரம் நிற்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

அதே மருத்துவர்தான், மோட்டார் சைக்கிள் கிக்கரை இனி இந்தக் காலால் உதைக்கவே கூடாது என்றும் சொன்னார். அதை உங்களிடம் தொலைபேசியில் அழாத குறையாகச் சொன்னபோது, "வித்துடுங்க அத்தான், சும்மா நிறுத்தி வச்சா துருப்பிடிச்சுப் போயிடும்" என்றீர்கள். வண்டியா நானா என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எப்படியோ, உங்கள் பேச்சைக் கேட்டதால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்க முப்பத்தாறு வருடம் தெருத்தெருவாக என்னைச் சுமந்த வண்டியைப் பொய் சொல்லி விற்க மனம் வரவில்லை. அதனால் விளம்பரத்தில் உள்ளது உள்ளபடி எழுதினேன். இடது பக்கம் ஆயில் கசியும், வலது பக்கம் அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் கசியும், மழையில் ஹாரன் தானாக அடிக்கும், வெயிலில் நாம் அமுக்கினாலும் அடிக்காது, வீட்டில் இதைப் பெரியவர் என்றுதான் சொல்வோம், நீங்களும் அப்படியே சொன்னால் நல்லது. நான்கு நாளாகியும் ஒருவரும் கூப்பிடவில்லை. உங்கள் அக்கா வாங்கிப் படித்துவிட்டு, "இது விளம்பரம் இல்ல, புகார் மனு" என்றாள். எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒரே வரி எழுதினாள். 'ஒரே கையில் இருந்த வண்டி, நல்ல கை கிடைத்தால் கொடுப்போம்.' அன்று மாலைக்குள் பதினேழு பேர் கூப்பிட்டார்கள். அந்தக் கைவண்ணம் எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது, மாப்பிள்ளை.

முதலில் வந்தவர் உணவகம் வைத்திருப்பவர். "சுவத்துல மாட்டப் போறேன். இஞ்சினை நீங்களே வச்சுக்கங்க, வெயிட்டு தாங்காது" என்றார். உங்கள் அக்கா, அவர் பாதி குடித்திருந்த தேநீர்க் கோப்பையைக் கையிலிருந்து பதமாக வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவருக்கே புரிந்துவிட்டது. அடுத்து, கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடி வந்து, வண்டிமேல் சாய்ந்து நாற்பது படம் எடுத்துக்கொண்டு, நடுவில் எங்கள் குளியலறையில் உடையும் மாற்றிக்கொண்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் யோசிக்கிறார்கள் போல.

மூன்றாவதாக வந்தவர் பல் செட் செய்யும் பெண்மணி. மருத்துவர் அல்ல, மருத்துவர் அச்செடுத்து அனுப்பினால் அதைப் பார்த்துப் பல் செய்து கொடுப்பவர். வணக்கம் சொல்லும்போதே என் முன்வரிசையை ஒரு பார்வை பார்த்தார், நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் பெயிண்டைப் பார்க்கவில்லை, டயரைப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் புறங்கையை இஞ்சினில் வைத்தார். "காலையிலேயே ஓட விட்டுச் சூடாக்கி வச்சிருக்கீங்க, சார்" என்றார். உங்களிடம் மறைப்பானேன், எட்டு மணிக்கே மெக்கானிக்கை வரவழைத்து அந்தக் காரியத்தைச் செய்தது நான்தான். விளம்பரத்தில் அத்தனை உண்மையும் எழுதியவன், ஆள் வரும் நேரத்தில் சறுக்கிவிட்டேன். "பரவாயில்ல, ஆறட்டும். சூடா இருந்தா எந்த வண்டியும் ஸ்டார்ட் ஆகும்" என்று சொல்லிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றரை மணி நேரம். உங்கள் அக்காவும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் சிரித்த சிரிப்பு எனக்கு அடுக்களைவரை கேட்டது. என்ன விஷயம் என்று இன்றுவரை சொல்லவில்லை.

ஆறிய பிறகு அவர் உதைத்தார். ஏழு முறை. நான் கூடவே நின்று, சோக்கைப் போடுங்க, எடுங்க, மறுபடி போடுங்க என்று கட்டளைமேல் கட்டளை இட்டேன். பெரியவர் ஒரு இருமல்கூட இருமவில்லை. அந்தப் பெண்மணி நெற்றியைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்ததில் வியாபாரம் முறிந்தது தெரிந்தது. அப்போதுதான் உங்கள் அக்கா எழுந்து வந்தாள்.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவரிடம் திரும்பினாள். "கிக்கரை மெதுவா அழுத்துங்க. அந்த ஆம்ப் மீட்டர் முள்ளு நடுவுல வருது பாருங்க, அங்க நிறுத்துங்க. இந்தச் சின்ன லீவரைப் பிடிச்சுக்கிட்டு இன்னும் ஒரு இம்மி. இப்ப லீவரை விட்டுடுங்க. கிக்கர் மேல வரட்டும். முழுசா ஒரே மிதி. கோவமா மிதிக்காதீங்க, அவருக்குப் பிடிக்காது."

ஒரே மிதி. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மஞ்சள் காமாலை வந்து ரெண்டு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தீங்களே, மூணு நாளைக்கு ஒரு தடவை இதைக் கிளப்பி வச்சது யாருன்னு நினைச்சீங்க?"

மாப்பிள்ளை, அந்தக் கதையை உங்களிடமே ஒன்பது முறையாவது சொல்லியிருப்பேன். எலும்பும் தோலுமாக நான் வீடு திரும்பியதும், என்னைக் கண்ட சந்தோஷத்தில் வண்டி முதல் மிதியிலேயே உயிர்த்தெழுந்த கதையை. பத்தொன்பது வருடம் ஊரெல்லாம் சொல்லியாயிற்று. அப்பவே ஏன் சொல்லல என்று கேட்டேன். "அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டு இருந்தீங்க. அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சைலன்ஸர் புகை அந்தப் பக்கம்தான் வந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

பல் செட்டுக்காரர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். "வண்டி எனக்குத்தான். ஆனா ஏதாவது சந்தேகம்னா உங்களைக் கூப்பிட மாட்டேன் சார், அம்மாவைத்தான் கூப்பிடுவேன்" என்றார். நேற்று வந்து எடுத்துப் போனார். முனையில் கைகாட்டித் திரும்பிய அழகைப் பார்த்து, நல்ல கையில்தான் கொடுத்தோம் என்று எனக்கே தோன்றியது. சத்தம் தேயும்வரை இருவரும் வாசலில் நின்றோம். பிறகு உள்ளே வந்து, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் செய்தித்தாளை எடுத்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துக்கொண்டோம்.

எனக்கு ஒரே ஆறுதல், இத்தனை வருடம் பின்சீட்டில் குலுங்கிய உங்கள் அக்கா இனி இருந்த இடத்தில் நிம்மதியாக இருப்பாள் என்பதுதான்.

வீட்டில் மூத்தவர்களுக்கு என் வணக்கம், இளையவர்களுக்கு ஆசி, உங்கள் இடுப்பு வலிக்கு என் அனுதாபம்.

இனி இரண்டு காலால் மட்டும் நடமாடும்,
தங்கள் அத்தான்

பி.கு.: இதை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் அந்தச் சத்தம் கேட்டது. நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம், துணைக்கு அம்மா வேண்டுமாம். உங்கள் அக்கா ஏற்கெனவே ஷூ மாட்டிக்கொண்டு நின்றாள். எங்கே என்றேன். "தம்பி வீட்டுக்கு" என்றாள். முன்னால் ஏறி உட்கார்ந்ததும் அவள்தான், பல் செட்டுக்காரர் பின்னால். ஆகவே இந்தக் கடிதத்துக்கு முன்பே அவர்கள் அங்கே வந்து, எல்லாவற்றையும் வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். அதுதான் சரியாகவும் இருக்கும், இதைப் படிக்காமல் கிழித்துவிடவும். இன்னொன்று, உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லலாமென்றால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். அவளுக்கு வண்டியைக் கிளப்பத் தெரியும் என்பதே எனக்குப் போன வாரம்தான் தெரியும். நிறுத்தத் தெரியுமா என்று கேட்டு வைக்கவில்லை. கேட்டைத் திறந்தே வையுங்கள்.