அபூர்வப் பறவைக்கு ஒதுக்கப்பட்ட அறை

நாகரிகம் என்றால் என்ன என்று அறிஞர்கள் ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் மேனேஜரைச் சந்திக்கக் கொடுத்து வைக்கவில்லை. வீட்டு மனிதர்களை ஏறெடுத்தும் பார்க்காமல், வீட்டைச் சுற்றிய பறவைகளைக் கண் இமைக்காமல் பார்ப்பவனே நாகரிகத்தின் உச்சியில் இருக்கிறான். மேனேஜர் அந்த உச்சியில்தான் குடியிருந்தார்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போன பிறகும் பட்டம் போகவில்லை; மனைவியே வெளியாரிடம் அவரை 'மேனேஜர்' என்றுதான் சொல்வாள். வேலையில் இருந்தபோது எதிரே நின்ற வாடிக்கையாளரை நிமிர்ந்து பார்க்காதவர், ஓய்வு பெற்றதும் ஒரு பைனாகுலர் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, குடியிருப்பின் பறவை நோக்கர் மன்றத்தில் சேர்ந்தார். மன்றத் தலைவர் இரண்டாம் மாடிப் பல் டாக்டர். நோயாளியை வாயைத் திறந்து வைத்திருக்கச் சொல்லிவிட்டு, அவர் மறுத்துப் பேச முடியாத அந்த நேரத்தில் பறவைகளைப் பற்றி விளக்குவது டாக்டரின் வழக்கம்.

மன்றத்தில் அபூர்வப் பறவையைப் பார்த்தவருக்கு முன்வரிசை. காக்கையைப் பார்த்தவருக்குக் கதவோரம். மேனேஜர் அதுவரை பார்த்ததெல்லாம் காக்கை என்பதால், கூட்டங்களில் கதவைத் திறந்து மூடும் பொறுப்பும் அவரிடமே இருந்தது.

இந்த நிலையில்தான் அவருடைய பின்னறைச் சன்னலில், கம்பிக்கும் கண்ணாடிக்கும் நடுவே, ஏதோ ஒரு பறவை கூடு கட்டியது. அது மங்கலான கண்ணாடி. உருண்டையாக ஒரு நிழல்தான் தெரிந்தது. சன்னலைத் திறந்தால் பறவை மிரண்டு விடுமே என்று மேனேஜர் டாக்டரை அழைத்து வந்தார். டாக்டர் கண்ணாடியில் காதை வைத்து, நோயாளியின் முனகலைக் கேட்பதுபோலக் கவனமாகக் கேட்டார்.

"ஊர்ப் புறா கத்தினா அதுல ஒரு அலட்சியம் இருக்கும். இதுல கம்பீரம் இருக்கு, சார். சந்தேகமே வேண்டாம், இது நீலத்தோள் மலைப்புறா."

நீலத்தோள் மலைப்புறா அந்த ஊரில் பாட்டன் காலத்துக்குப் பிறகு யார் கண்ணிலும் பட்டதில்லை. மன்றம் அவசரமாகக் கூடி, ஏகமனதாக அதை 'இனங்கண்டது'. கை தூக்கியவர்களில் ஒருவரும் பறவையைப் பார்த்திராததால் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. மேனேஜருக்கு முன்வரிசை கிடைத்தது. பின்னறை 'பாதுகாக்கப்பட்ட பகுதி' ஆனது. அங்கே மின்விசிறி சுழலவும் தடை.

ஒரே ஒரு சிறு சிக்கல். பிரசவத்துக்கு வரவிருந்த மகளுக்காக மனைவி கழுவித் துடைத்து, தொட்டில் போட்டு வைத்திருந்த அறை அது. வீட்டில் வேறு அறை கிடையாது. மகளின் கணவனுக்கோ கப்பலில் வேலை. இதை விட்டால் அவளுக்குப் போக்கிடமும் கிடையாது. அற்ப மனிதர்களாக இருந்தால் இங்கே தடுமாறியிருப்பார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். மேனேஜர் காக்கை நிலையைத் தாண்டியவர். மகளுக்குப் போன் போட்டார்.

"இங்க அபூர்வமான ஒருத்தி அடைகாத்துக்கிட்டு இருக்காம்மா. ஒரு தாயோட கஷ்டம் இன்னொரு தாய்க்குத்தானே தெரியும்? குஞ்சு பொரிஞ்சதும் நீ தாராளமா வா."

"எனக்கும் தேதி குடுத்திருக்காங்கப்பா."

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். கொஞ்சம் முன்னப்பின்ன ஆகுமாம், பயப்பட வேண்டாம்னார்."

எந்த டாக்டர் என்று மகள் கேட்டாள். பல் டாக்டர் என்று மறைக்காமல் சொன்னார். மேனேஜருக்குப் பொய் பேசிப் பழக்கமில்லை.

மனைவி அன்றிலிருந்து அவரோடு பேசவில்லை. பறவைக்கு அமைதி தேவைப்பட்ட நேரத்தில் இந்த ஒத்துழைப்பு அவருக்கு நிறைவாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்றம் முழுவதும் அந்த அறையில் கூடியது. செருப்பைக் கழற்றிவிட்டு, பூனைபோல வந்து, நிழலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜர் ரகசியக் குரலில் வரவேற்புரை ஆற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது. கையில் பெட்டியும் முகத்தில் வேர்வையுமாக மகள் இறங்கினாள். மனைவி யாரையும் கேட்கவில்லை. மகளைக் கையைப் பிடித்து நேராக அறைக்கு அழைத்து வந்து கட்டிலில் உட்கார வைத்தாள். கட்டிலில் இருந்த இரண்டு உறுப்பினர்கள் எழுந்துகொள்ள வேண்டியதாயிற்று.

மன்றத்தின் தீர்மானத்தை மகளிடம் எடுத்துச் சொல்ல மேனேஜர் வாயைத் திறந்தார். அதற்குள் அவள், "மூச்சு முட்டுதும்மா" என்று கையை நீட்டிச் சன்னலைத் திறந்துவிட்டாள்.

துருப்பிடித்த கம்பித் துண்டுகளும் விளக்குமாற்றுக் குச்சிகளுமாக ஒரு குப்பை. அதன்மேல் ஒரு புறா. ரயில் நிலையக் கூரையிலும் கடைவாசலிலும் கூட்டம் கூட்டமாக நடமாடுமே, அந்தப் புறா. பறக்கவில்லை. வயிற்றுக்கடியில் முட்டைகளை இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் மன்றத்தைப் பார்த்தது.

டாக்டருக்குத் திடீரென்று ஒரு கடைவாய்ப்பல் நினைவுக்கு வந்தது. மற்றவர்களுக்கும் அவரவர் வேலைகள் நினைவுக்கு வந்தன. ஒருவர் போகிற போக்கில், அடுத்த கூட்டத்தில் கதவைப் பார்த்துக்கொள்ளும்படி மேனேஜரைக் கேட்டுக்கொண்டார்.

மேனேஜர் மூக்கறுபட்டார். பிறகு, வீட்டில் கர்ப்பிணி ஒருத்தி இருக்கிறாள் என்ற பொறுப்பு அவருக்குள் பொங்கியது. புறா எச்சத்தால் வரும் நோய்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய்த் துடைப்பத்தை எடுத்து வந்து சன்னலை நோக்கி ஓங்கினார்.

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கூட்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அது அபூர்வம்னதும் எனக்கு இடமில்லன்னீங்க. சாதாரணம்னு தெரிஞ்சதும் அதுக்கும் இடமில்லங்கிறீங்க. சொல்லுங்கப்பா, இந்த வீட்ல பிள்ளை பெத்துக்கணும்னா நான் என்னவா வந்திருக்கணும்?"