அஞ்சு பொம்மையும் ஓகே

"ரோபோவா ஆயிடுச்சு. திரும்பக் கார் ஆவ மாட்டேங்குது" என்றாள் தமிழ்ச்செல்வி.

பக்கத்து மேசையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த பேக்கிங் மாதேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"கையைப் பின்னால தள்ளுடி."

"தள்ளிட்டேன். தலை வெளிய வருது."

"தலையை அமுக்கு."

"அமுக்கினா கால் நீட்டிக்குது. இந்தக் கருமத்தை யார்க்கா குழந்தைங்களுக்கு வாங்கித் தர்றாங்க?"

ஒரு பெட்டியில் ஐந்து பொம்மைகள். ஐந்தும் கார், மடக்கி விரித்தால் ஐந்தும் ரோபோ. ஓசூர் சிப்காட்டில் இருக்கும் அந்த பிளாஸ்டிக் கம்பெனிக்கு, பெங்களூரிலிருந்து டிரைவர் சாந்த் பாஷா காலை ஏழு மணிக்கே கொண்டுவந்து, கேட்டில் செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டு பொம்மைக் கம்பெனியின் அனிதா மேடத்தை அழைத்துவர வந்த வழியே ஓடியிருந்தார். இந்த மாதிரி பொம்மைகளை இங்கேயே வார்க்கலாமா என்பதை அந்த மேடம்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு முன், இங்கே இருப்பவர்கள் எப்படிச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம்.

சோதிப்பது செல்வியின் வேலை. மேனேஜர் சுரேந்தர் நேற்றே சொல்லியிருந்தார். "செல்வி, ஏழு வருஷமா காண்ட்ராக்ட்டுல இருக்கே. இந்த ஆர்டர் வந்தா உன்னைப் பர்மனென்ட் பண்றது என் பொறுப்பு. உன் ரிப்போர்ட்டுலதான் இருக்குது எல்லாம்."

ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. அதுதான் இப்போது சிக்கல்.

காலையில் சானமாவு காட்டருகே யானைகள் ரோட்டைக் கடக்கின்றன என்று கம்பெனி பஸ்ஸை முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார்கள். செல்வி உள்ளே நுழையும்போதே சுரேந்தர் "ரிப்போர்ட் எங்கே?" என்று நின்றார். அந்தக் கம்பெனியில் படிவத்தை முதலில் நிரப்பிவிட்டுப் பொருளை அப்புறம் பார்ப்பது ஒன்றும் புதிதல்ல. பதினொரு மணிக்கு எடுக்க வேண்டிய அளவை எட்டு மணிக்கே எழுதிவிடுவார்கள். பொருளும் இதுவரை எழுதியவர்கள் மானத்தைக் காப்பாற்றியே வந்திருக்கிறது. செல்வி நின்றபடியே எழுதினாள்: ஒவ்வொரு பொம்மையும் ஐம்பது தடவை காரிலிருந்து ரோபோ, ரோபோவிலிருந்து கார். மூட்டு ஓகே. சக்கரம் ஓகே. பெயின்ட் ஓகே. கீழே கையெழுத்து.

மை காயுமுன் சுரேந்தர் அதைப் போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பிவிட்டார்.

"இன்னொண்ணைப் பிரிச்சுப் பாரேன். எப்படிப் பிரியுதுன்னு பாத்தா, எப்படி மடியுதுன்னு தெரிஞ்சுடும்" என்றாள் மாதேஸ்வரி.

செல்வி இரண்டாவதை எடுத்தாள். இதுவும் லேசில் அசையவில்லை. மேசை விளிம்பில் வைத்து அழுத்தினாள். 'டக்' என்று சத்தம். ரோபோ எழுந்து நின்றது. மூட்டில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

"தெரிஞ்சுதா?"

"ரெண்டாச்சு. அதுதான் தெரிஞ்சுது."

மூன்றாவதைப் பிரிக்கும்போது மாதேஸ்வரி செல்போனில் வீடியோ எடுத்தாள். அதை மூன்று முறை போட்டுப் பார்த்தார்கள். செல்வியின் கட்டைவிரல் தெரிந்தது. 'டக்' கேட்டது. ஒரு கை பறந்து போய் மேசைக்கு அடியில் விழுந்தது.

செல்வி குனிந்து கையைத் தேடிக்கொண்டிருக்கும்போது சுரேந்தரின் பூட்ஸ் தெரிந்தது.

"என்னாம்மா கீழே?"

"பேனா சார்."

"மேடம் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அசந்துட்டாங்க. நாலு மணிக்கு வர்றதா இருந்தவங்க மூணுக்கே வந்துடறாங்களாம். பொம்மையெல்லாம் பெட்டியில போட்டு வெச்சுடு. வந்த மாதிரியே இருக்கணும்."

"இருக்கும் சார்."

அவர் போனதும் செல்வி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். மணி ஒன்றரை.

"டூல் ரூம் முனிராஜ் அண்ணனைக் கூப்பிடட்டுமா?" என்றாள் மாதேஸ்வரி.

"வேணாங்க்கா. அவரு தொட்டா..."

அவர் ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தார். சோற்று டப்பா ஒரு கையில், அரம் ஒரு கையில்.

"என்னா தொட்டா? தொட்டா என்னா ஆவும்? இருபது டன் டை அச்சையே திருப்பிப் போடறவன் நானு. இது பொம்மை." மூட்டை வெளிச்சத்தில் பார்த்தார். "இதோ பாரு, வெள்ளையா பிசிறு. சரியா வார்க்கலை. அதுதான் மடியாம மக்கர் பண்ணுது."

மூன்று பொம்மைகளிலும் மூட்டுகளைச் சுரண்டி அரம் போட்டார். இப்போது நன்றாக மடிந்தன. மடிந்த வேகத்திலேயே விரிந்தன. மேசையில் நிறுத்தினால் மூன்றும் தலையைத் தொங்கப்போட்டு, கையைத் தளரவிட்டு, நைட் ஷிப்ட் முடித்தவர்கள் போல உட்கார்ந்துகொண்டன.

"ஏண்ணா, லூஸாயிடுச்சே!"

"இரு, பதறாதே. எவ்வளவு டைட் இருக்கணும்னு அளவு வேணும் இல்ல? நல்லா இருக்கற ஒண்ணைப் பாத்துத்தான் அளவு எடுக்கணும்."

"ஐயோ, அந்த ரெண்டைத் தொடாதீங்க!"

'டக்.' 'டக்.'

மாதேஸ்வரி தலையில் கை வைத்தாள். "சோத்தைத் தின்னுட்டுப் போயிருக்கலாம் இந்த ஆளு."

மணி இரண்டு இருபது. ஐந்து ரோபோக்கள். அவற்றில் ஒன்றுக்கு ஒரு கை இல்லை. செல்வி வாசலுக்கும் மேசைக்கும் நடந்தாள். கேட்டில் ஹாரன் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். லாரி, தண்ணி வண்டி, மறுபடி லாரி.

"நானே போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள்.

"என்னான்னு?" என்றார் முனிராஜ். "பாக்காமலே எழுதினேன்னா? இந்தக் கம்பெனியில அதைச் சொல்ல ஆரம்பிச்சா எங்கே போய் நிக்கும் தெரியுமா? ஏழு வருஷத்து ஃபைலையும் இறக்கணும்."

செல்வி மறுபடி மேசைக்கே திரும்பி வந்தாள்.

"பெட்டியில கார் இருக்கணும். அவ்வளவுதானே? மடக்கிப் பிடி. நான் பசை வெக்கறேன்."

"ஒட்டிட்டா எப்படிண்ணா மாறும்?"

"ஏன் மாறணும்? அம்பது தடவை மாத்தியாச்சுன்னு எழுதிட்டே இல்ல? அதுக்கு மேல அதுங்களுக்கும் ஓய்வு வேணாமா?"

மாதேஸ்வரி மேசைக்கு அடியில் தவழ்ந்து அந்தக் கையைக் கண்டுபிடித்தாள். செல்வி மடக்கிப் பிடித்தாள். முனிராஜ் ஊசி முனையால் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு வைத்தார். ஐந்தாவது காரும் பெட்டிக்குள் உட்கார்ந்தபோது மணி மூன்றாக ஐந்து நிமிடம். செல்வியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அதை யாரும் கவனிக்கவில்லை. கேட்டில் ஹாரன். இந்த முறை கார்.

அனிதா மேடம் நேரே மேசைக்கு வந்து கை நீட்டினார்.

செல்வி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். "வணக்கம் மேடம்."

மேடம் ஒரு காரை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். "ஒவ்வொண்ணும் அம்பது தடவையா?"

"ஆமாங்க மேடம்."

"ஆக மொத்தம் இருநூத்தம்பது தடவை. ஆனா ஒரு கீறல் இல்லையே!" நகத்தால் கதவை நெம்பப் போனார்.

"இப்பதான் எண்ணெய் விட்டிருக்கோம் மேடம், கையில பிசுபிசுக்கும்" என்று முனிராஜ் முன்னால் வந்து நின்றார்.

மேடம் சட்டென்று காரைப் பெட்டியில் வைத்தார். "பாருங்க சுரேந்தர், எங்க ஆளுங்க அஞ்சு தடவை திருப்பிப் பாத்துட்டு விட்டுடுவாங்க. இந்த மாதிரி ஒருத்தர் கையெழுத்துப் போட்டா நான் கண்ணை மூடிட்டு நம்பலாம். ஆர்டரை இங்கேயே கொடுத்துடறேன்."

சுரேந்தரின் முகம் விரிந்தது. "செல்வி, நாளைக்குக் காலையில வந்ததும் என் ரூமுக்கு வா. உன் பர்மனென்ட் ஆர்டரை டைப் பண்ணி வெக்கறேன்."

மாதேஸ்வரி பின்னாலிருந்து செல்வியின் முதுகில் கிள்ளினாள்.

அப்போது கதவருகே செருப்புச் சத்தம். டிரைவர் சாந்த் பாஷா. மேசையில் இருப்பதைப் போலவே இன்னொரு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றார்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். காலையில அவசரத்துல பெட்டி மாறிப்போச்சு. செக் பண்ணவேண்டியது இதுதான். இப்பதான் டிக்கியில பாத்தேன்." மேசையிலிருந்த பெட்டிக்குள் குனிந்து, ஒரு காரை எடுத்து இழுத்துப் பார்த்து, நிம்மதியாகச் சிரித்தார்.

"அது கடைக் கண்ணாடிக்குள்ள வெக்கற பெட்டி. பசங்க பிரிச்சுடக்கூடாதுன்னு செய்யற கம்பெனியிலேயே அஞ்சையும் பசை போட்டு ஒட்டித்தான் அனுப்புவாங்க. நல்லவேளை, இங்கே யாரும் தொட்டுக்கூடப் பாக்கலை!"