மின்னல் முழங்கையும் நாற்பது நாள் விரதமும்

திருநீற்றுப் புதன்கிழமை காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வீட்டுக்கு வந்த ஆரோக்கியமுத்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அறிவித்துவிட்டார்.

"ராணி, கேட்டுக்க. இந்தத் தவக்காலம் முடியிற வரைக்கும் காமிக்ஸைக் கையால தொட மாட்டேன்."

அருள்ராணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் மனுஷன் விட்டது காலையில் நடக்கப் போகிற பழக்கம் ஒன்றைத்தான். அதுவும் ஆரம்பித்த ரெண்டாம் நாளே.

"நெசமாவா?"

"சத்தியமா."

"நெத்தியில சாம்பலை வச்சுக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாதுங்க."

"பொய்யா? நாப்பத்தாறு வயசு மனுஷன்டி நான்!"

"அதைத்தானே காமிக்ஸை எடுக்கறப்பல்லாம் நானும் சொல்லிட்டிருக்கேன். சரி, நீங்க அதை விட்டா நான் சீனியை விட்டுர்றேன். காப்பிக்குக் கூடப் போட மாட்டேன்."

ஆரோக்கியமுத்து இலுப்பூர் கடைத்தெருவில் ஒரு உரக்கடையில் பில் போடுகிறவர். கை யூரியா மூட்டைக்குப் பில் போட்டுக்கொண்டிருக்கும். மனசு மின்னல் முழங்கையிடம் கிடக்கும். மின்னல் முழங்கை யாரென்று தெரியாத பாவப்பட்டவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் முகமூடி போட்ட சண்டைக்கலை மாவீரர். எங்கோ ஒரு துறைமுக நகரத்தில் அக்கிரமக்காரர்களை, கத்தியில்லாமல் துப்பாக்கியில்லாமல், வெறும் முழங்கையாலேயே தட்டித் துவையலாக்குவார். நாலு வருஷமாகப் பதினோரு பாகம் வந்துவிட்டது. முகமூடிக்குள் யார் இருக்கிறார் என்று ஒரு பயலுக்கும் தெரியாது.

ஆரோக்கியமுத்துவுக்கு மட்டும் தெரியும். அங்கே நூடுல்ஸ் கடை வைத்திருக்கிற லீவான்தான்! சாது. பொண்டாட்டி ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. பகலெல்லாம் கல்லாவில் தூங்கி வழிவான். அவன் பொண்டாட்டி மெய்லின் உள்ளே மாவு பிசைந்துகொண்டே அவனை வைவாள்; பதினோரு பாகத்திலும் சேர்த்து அவள் வருகிற படக்கட்டம் எட்டுக் கூடத் தேறாது. "ராத்திரிச் சண்டை போடுறவன்தானே பகல்ல தூங்குவான்?" என்பது இவர் வாதம். வெளியே சொல்லாத காரணம் வேறு. லீவான் மாதிரி ஒரு ஆளே மின்னல் முழங்கையாக இருக்கலாம் என்றால், உரக்கடையில் பில் போடுகிற ஆளுக்கும் ஏதோ ஒரு வழி இருக்கிறது அல்லவா! அந்த நம்பிக்கையில்தான் மனுஷன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

முகமூடி கழலப் போவது பன்னிரண்டாம் பாகத்தில். அது ஈஸ்டர் கழிந்துதான் வரும் என்று பதிப்பகத்தில் சொல்லியிருந்தார்கள். இப்போது புரிகிறதா விரதத்தின் மகிமை? படிக்கப் புத்தகமே இல்லாத நாற்பது நாளில் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வதில் என்ன நட்டம்? பூசை முடிந்து வருகிற வழியெல்லாம் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டுதான் வந்தார்.

பதிப்பகத்தாருக்கு என்ன அவசரமோ, மூன்றாவது வாரமே கூரியர்க்காரர் உரக்கடை வாசலில் வந்து நின்றார். பார்சலைத் தொட்டதுமே உள்ளே இருப்பது பன்னிரண்டாம் பாகம் என்று ஆரோக்கியமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது.

முதல் காரியமாக ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினார். இருந்தால் எவனாவது முடிவைப் போட்டு உடைத்துவிடுவான். அதை மட்டும் அவரால் தாங்க முடியாது. முன்கூட்டியே கடைசிப் பக்கத்தைப் பார்க்காதவர் அவர்; இன்றுவரை ஒரு பாகத்துக்கும் அந்தத் துரோகத்தைச் செய்ததில்லை. அடுத்து விரதம். அதற்கும் ஒரு வழி கிடைத்தது. கையால் தொட மாட்டேன் என்றுதானே சொன்னோம்? அட்டை போட்டுவிட்டால் அட்டையைத்தானே தொடுகிறோம்! பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுகிற பிரவுன் தாள் வாங்கி, மடிப்புக் கலையாமல் போட்டு, லேபிள் ஒட்டி, முத்து முத்தாக எழுதினார்: 'புனிதர்கள் வரலாறு – பாகம் 12'.

அன்று சாயங்காலமே நாற்காலியில் சாய்ந்து, பகிரங்கமாகப் படிக்க ஆரம்பித்தார். அருள்ராணி வந்து லேபிளைப் பார்த்தாள்.

"பரவாயில்லையே. மொத பதினோரு பாகம் எங்கிட்டுங்க இருக்கு?"

"அது... லைப்ரரில."

"ஓ."

அந்த 'ஓ'வை அவர் கொஞ்சம் கவனித்திருக்கலாம். கவனிக்கிற நிலைமையிலா இருந்தார்? நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பக்கம் என்று ருசித்து ருசித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, முழங்கை ஏன் வெட்டி வெட்டி இழுக்குது?"

"வாயுப் பிடிப்பு."

"காலு?"

"அதுவும் வாயுதான்."

"இப்ப எதுக்கு 'அப்புடிப் போடு'ன்னு கத்துனீங்க?"

"புனிதர் ஒருத்தர் பிசாசை விரட்டுறாரு ராணி. மனுஷனுக்கு பக்தி வராதா?"

அவள் சீனி இல்லாத காப்பியைக் குடித்துவிட்டுப் போனாள்.

அடுத்த புதன்கிழமை அவர்கள் வீட்டில் அன்பியம். தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்களெல்லாம் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள். நடத்துவது ஜெனிபர் டீச்சர். ஆரோக்கியமுத்துவுக்கு அன்று பத்தே பக்கம் பாக்கி. எல்லாரும் போனதும் வறுத்த கடலையும் கையுமாக உட்கார்ந்து முடித்துவிடுவது என்று திட்டம். பாட்டு முடிந்து டீச்சர் வேதாகமத்தைத் திறக்கப் போகும்போது அருள்ராணி வாயைத் திறந்தாள்.

"டீச்சர், எங்க வீட்டுக்காரரு ஒரு வாரமா புனிதர் வரலாறே கதின்னு கெடக்காரு. இன்னிக்கு அவரு வாசிக்கட்டுமே."

"அடடே! வாசிங்க சார்!"

"இல்லைங்க டீச்சர், தொண்டை கட்டிக்கிட்டு..."

"எங்கிட்டு விட்டீங்களோ அங்கிட்டிருந்தே வாசிங்க," என்று புத்தகத்தைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள் அருள்ராணி.

பிரித்தார். பக்கம் முழுக்க மழை. மொட்டை மாடியில் ஆறு தடியன்கள். நடுவில் மின்னல் முழங்கை. ஒருத்தன் தாடையில் முழங்கை இறங்க, 'டமால்' என்று சிவப்பில் பெரிய எழுத்து. ஆரோக்கியமுத்து புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு துறைமுகத்துல... ஒரு புனிதர் இருந்தார்."

"பேரு?" என்றார் டீச்சர்.

"பேரை மறைச்சு வாழ்ந்தவருங்க டீச்சர். அவ்வளவு தாழ்ச்சி."

"ஆகா!"

"ஒரு மழை நாள்ல ஆறு பாவிங்க அவரைச் சுத்தி வளைச்சாங்க. அவரு ஒவ்வொருத்தரையாத் தொட்டாரு. தொடத் தொட விழுந்தாங்க."

"அவரு கால்லயா?"

"மொத ஆளு மட்டும் பத்தடி தள்ளி விழுந்தான்."

"கன்னத்துல அறைஞ்சா மறு கன்னத்தைக் காட்டியிருப்பாரே!"

"கன்னந்தான் டீச்சர். ரெண்டு கன்னமும்." யார் கன்னம் என்று அவர் சொல்லவில்லை.

பின்வரிசையிலிருந்து அருள்ராணி கேட்டாள்: "எதை வச்சுங்க தொட்டாரு?"

"முழங்... முழங்... முழங்கால் போட்டு!"

நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஜெனிபர் டீச்சர் கைகூப்பினார். "இந்தப் புனிதரைப் பத்தி நான் கேள்விப்பட்டதே இல்ல சார். ஈஸ்டர் வரைக்கும் வாராவாரம் நீங்கதான் வாசிக்கணும். அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் குடுங்களேன், படிச்சிட்டுத் தாரேன்."

ஆரோக்கியமுத்துவுக்கு உயிர் போய்விட்டது. நல்லவேளை, அருள்ராணி குறுக்கே வந்தாள். "அது எங்களுக்கு வேணும் டீச்சர். மொத பதினோரு பாகமும் லைப்ரரில இருக்காம். இவரு எடுத்துட்டு வந்து வாராவாரம் வாசிப்பாரு." சொல்லிக்கொண்டே புத்தகத்தை அவர் கையிலிருந்து பக்குவமாக உருவி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எல்லாரும் போனார்கள். அருள்ராணி சப்பாத்திக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். இவர் பக்கத்தில் போய் நின்றார்.

"சாவியக் குடு ராணி. ஜெபம் பண்ணணும்."

"எதை வச்சு? முழங்கையை வச்சா?"

ஆரோக்கியமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எப்பத் தெரியும்?"

"பாகம் பன்னெண்டுன்னு எழுதுன அன்னிக்கே. எந்த ஊருல புனிதர் வரலாறுக்குக் காலை ஒதைக்கிறாங்க?"

"தப்புதான். பத்தே பக்கம் ராணி. நாலு வருஷமாக் காத்துக் கெடக்கேன்."

"ஈஸ்டர் பூசை முடிஞ்சதும் சாவி ஒங்க கையில. சத்தியம் பண்ணுனது நீங்கதானே?"

நியாயம்தான். இன்னும் மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும். முடிவு பீரோவுக்குள் பத்திரமாக இருக்கிறது. எவனும் போட்டு உடைக்கவில்லை. அந்த நினைப்பே அவருக்குத் தெம்பாக இருந்தது.

"சரி. ஈஸ்டர் அன்னிக்குப் பாரு, எங்காளு லீவான் முகமூடியக் கழட்டுற அழகை! கடைசிப் பக்கத்தை நான் இன்னும் தொறக்கவே இல்ல தெரியுமா?"

"நான் தொறந்துட்டேங்க."

"நீயா? நீ விரதம்!"

"நான் விட்டது சீனியை. காமிக்ஸை விடலையே."

"சொல்லாத ராணி! ஒனக்குக் கோடிப் புண்ணியம். சொல்லிராத!" என்று ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"சத்தியமாச் சொல்ல மாட்டேங்க," என்றாள் அருள்ராணி, மாவை ஓங்கி ஒரு புரட்டுப் புரட்டியபடி, காதைப் பொத்தினாலும் கேட்கிற குரலில். "ஒண்ணே ஒண்ணு மட்டும் யோசிங்க. நாலு வருஷமா அந்த லீவான் கடையில மாவு பிசையுறது யாரு?"

ஆரோக்கியமுத்துவின் கை காதிலிருந்து தானாக இறங்கியது. மாவுக்கு மேலே ஏறி இறங்கிக்கொண்டிருந்த அவள் முழங்கையையே பார்த்தார்.

"என்ன பாக்குறீங்க? வாங்க, வந்து பிசைங்க. ஈஸ்டருக்குள்ள ஒங்க முழங்கைக்கும் கொஞ்சம் ஒரம் ஏறட்டும்."